கயிற்றை இழுத்தால் திட்டு விழாத ஆலை: டொயோட்டா நகரில் ஒரு முற்பகல்

#1 – குறடு

பயிற்சிக்காக நிறுவனம் என்னை இரண்டு வாரம் ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. அதில் ஒரு முற்பகல் டொயோட்டா நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். கொரோமோ என்ற பெயரில் பட்டு வளர்ப்புக்குப் பேர்போன ஊராக இருந்ததாம். 1959இல் ஊரே கம்பெனியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஜாம்ஷெட்பூர் ரயில் நிலையத்துக்கு டாடாநகர் என்று பெயர் வைத்தவர்கள் நாம், எனவே பெரிதாக வியக்க வேண்டாம்.

முதலில் டொயோட்டா கைக்கான் என்ற காட்சியரங்கு. அங்கிருந்து பஸ்ஸில் சுட்சுமி ஆலை. 1970 டிசம்பரில் திறந்தது. பிரியஸும் கேம்ரியும் இங்கேதான் உருவாகின்றன. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று கைபேசிகளைப் பையில் போட வைத்துவிட்டார்கள். ஆகவே யாரும் படம் கேட்காதீர்கள்.

உற்பத்தி வரிசைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தைவிடச் சற்று அதிகமான உயரத்தில், பார்வையாளர்களுக்கென்று நடைபாதை போட்டிருக்கிறார்கள். கீழே வேலை நடக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் ஆலைக்கு விருந்தினர் வருகிறார் என்றால் முந்தின நாளே தரைக்குப் பெயிண்ட் அடித்து, வாசலில் பூந்தொட்டி வைத்து, மேலாளர் மூன்று முறை சுற்றி வருவார். அங்கே அந்தப் பதற்றமே இல்லை.

முதலில் கண்ணில் பட்டது, கார்களுக்குக் கதவுகள் இல்லாதது. கதவைப் பொருத்தித்தான் வண்ணம் பூசுகிறார்கள். பூசியதும் கழற்றி விடுகிறார்கள். கதவுகள் தலைக்கு மேலே தனிப் பாதையில் தொங்கிக்கொண்டே போய், கடைசியில் தத்தம் காரிடம் வந்து சேர்கின்றன. ஆள் உள்ளே நுழைய வசதி, கதவில் கீறல் விழாது. உட்புற வேலைக்கு ஒரு தொங்கு நாற்காலி இருக்கிறது. தொழிலாளி அதில் உட்கார்ந்தபடியே காருக்குள் சறுக்கிப் போகிறார், திருகை முடுக்குகிறார், சறுக்கி வெளியே வருகிறார். என் இடுப்புக்கு அதைப் பார்த்ததும் பொறாமை வந்தது.

அடுத்தது வண்டிகள் வரும் வரிசை. ஒரு பிரியஸ், அடுத்து ஒரு கேம்ரி, திரும்ப இரண்டு பிரியஸ். ஒரே ரகத்தைக் காலை முழுக்கச் செய்து முடித்துவிட்டு மாலையில் அடுத்த ரகத்துக்குத் தாவுவதில்லை. மெஸ் நடத்துகிறவர் காலையிலேயே நாளுக்கான இட்லி அத்தனையும் அவித்து அடுக்கிவிட்டுப் பிறகு தோசைக்கல்லைக் காய வைத்தால் என்ன ஆகும்? இட்லி ஆறிப்போகும், தோசைக்காரன் காத்திருப்பான். கலந்து செய்வதற்கு ஹெய்ஜுன்கா என்று பெயர். சொல்ல எளிது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு பாகம், அது சரியான நொடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு காரில் ஏறத்தாழ முப்பதாயிரம் பாகங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். வரிசை நெடுக ஒரு கயிறு ஓடுகிறது. எனக்கு நேர் கீழே ஓர் இளைஞர், இருபத்திரண்டு வயது இருக்கலாம், கதவுச் சட்டத்தின் விளிம்பில் ரப்பர்ப் பட்டையை அழுத்திப் பொருத்திக்கொண்டிருந்தார். மேல் மூலையில் பட்டை உட்காரவில்லை. கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தினார். மூன்றாவது முறை அழுத்தவில்லை; கையை உயர்த்திக் கயிற்றை இழுத்தார். உடனே ஏதோ குழந்தைகள் பொம்மையில் வருவது மாதிரி ஒரு மெட்டு. மேலே தொங்கிய பலகையில் ஓர் எண் மஞ்சளாயிற்று. நாலு நொடியில் குழுத்தலைவர் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். இளைஞரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டையைப் பாதி உரித்தார், திரும்பப் பதித்தார், கயிற்றை மறுபடி இழுத்தார். மெட்டு நின்றது. இளைஞர் அதற்குள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் நின்ற இருபது நிமிடத்தில் இப்படி ஏழெட்டு முறை. ஒரு முறை பலகை சிவப்பாகி வரிசையே நின்றது, அரை நிமிடம் இருக்கலாம். யாரும் கத்தவில்லை.

பதினெட்டு வருடமாக ஆலைகளில் இருக்கிறேன். வரிசையை நிறுத்தியவன் முகத்தில் பயம் இல்லாததை அன்றுதான் பார்த்தேன். ரோபோக்களை எல்லாம் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். இதை எங்கே வாங்குவது?

#2 – மூன்றாம் ஷிப்ட்

அந்த இளைஞர் நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா என்று கேட்டீர்களா?

#3 – தறிக்காரன்

நான் குமாரபாளையம். விசைத்தறிக் குடும்பம். கார் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கயிற்றின் பாட்டியை எனக்குத் தெரியும்.

டொயோட்டா கார்க்காரர்கள் ஆவதற்கு முன் தறிக்காரர்கள். சகிச்சி டொயோடா என்பவர்தான் மூலவர், 1867இல் பிறந்தவர். 1924இல் அவர் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியில் இரண்டு சிறப்பு. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடத்தில் நூல் தீர்ந்தால் தறி நிற்காமலே புது ஓடம் மாறிக்கொள்ளும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தாலோ குறுக்கே போகும் ஊடை நூல் அறுந்தாலோ தறி தானே நின்றுவிடும்.

இதில் என்ன பெரிது என்று நினைப்பவர்களுக்கு: பழைய விசைத்தறியில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு முழம் துணியில் கோடு விழுந்த பிறகுதான் கண்ணில் படும். அந்தத் துணியை வியாபாரி ரகம் பிரித்துத் தள்ளுவார், கூலி போகும். அதனால் என் அப்பா நான்கு தறிகளுக்கு நடுவில் நாள் முழுக்கக் காவல் நின்றார். நெய்தது தறி, அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவின் ஒவ்வோர் இழையிலும் மெல்லிய தகடு ஒன்றைத் தொங்க விடுங்கள். இழை இறுக்கமாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும், அறுந்தால் விழும், விழுந்தால் தறி நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். அதன் பிறகு ஒரே ஆள் முப்பது தறிகளுக்கு மேல் பார்க்க முடிந்தது.

1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் இந்தத் தறிக்கான உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. உலகத்துக்கே தறி விற்ற லங்காஷயர், ஜப்பான்காரனிடம் போய் உரிமை கேட்டது. சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937இல் மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார்.

தொழிலாளி கயிற்றை இழுப்பதும் இழை அறுந்து தகடு விழுவதும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

#4 – நகோயாவாசி

பதினொரு வருடமாக நகோயாவில் இருக்கிறேன். நல்ல பதிவு. இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, கயிற்றை இழுத்த உடனே வரிசை நிற்பதில்லை. தரையில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் எல்லைக்கோடு உண்டு. இழுத்த பிறகும் வண்டி அந்தக் கோடு வரைக்கும் நகரும். அதற்குள் குழுத்தலைவர் சரி செய்துவிட்டால் நிற்காமலே போய்விடும். முடியாவிட்டால்தான் கோட்டில் நிற்கும், அதுதான் நீங்கள் பார்த்த சிவப்பு. ஆகவே இழுப்பது என்பது ‘நிறுத்து’ என்பதைவிட ‘கொஞ்சம் வா’ என்பதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பலகைக்கு அன்டோன் என்று பெயர். பழங்காலக் காகித விளக்குக்கு வழங்கிய சொல்.

இரண்டு, இந்த முறையை வெளியே ‘லீன்’ என்பார்கள், அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது 1988இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரையில் வைத்த பெயர். இவர்கள் சொல்வது டொயோட்டா உற்பத்தி முறை. அதன் இரண்டு கால்களில் ஒன்று, வேண்டியதை வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் செய்வது. மற்றது ஜிடோக்கா, அதாவது குறை தெரிந்தால் இயந்திரமோ ஆளோ வேலையை நிறுத்துவது. தறிக்காரன் அண்ணாவுக்கு இது பிடிக்கும்: ‘தானியங்கி’ என்பதற்கான ஜப்பானிய எழுத்தில், ‘அசைதல்’ என்ற குறிக்குப் பக்கத்தில் ‘மனிதன்’ என்ற சிறு குறியைச் சேர்த்து எழுதுகிறார்கள். உச்சரிப்பு மாறுவதில்லை, பொருள், வெறுமனே அசைவதிலிருந்து வேலை செய்வதாக மாறிவிடுகிறது.

நகோயாவில் சாகோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய நெசவாலையின் செங்கல் கட்டடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்கள் சொல்கிற ஜி வகைத் தறியை அங்கே ஓட்டிக் காட்டுவார்கள்.

#5 – பாடி மேஸ்திரி

குறடு தம்பிக்கு. நான் முப்பத்து நான்கு வருடம் ஆலைத் தரையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கிப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

1998இல் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டார். அவர்கள் உண்மையாகவே உழைத்து வாங்கினார்கள், அக்கம்பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அதற்கடுத்த சில வருடங்கள் அம்பத்தூர் முழுக்க ஜப்பான் காய்ச்சல் அடித்தது. நான் அப்போது இருந்த ஆலை (பெயர் வேண்டாம்) அதில் நன்றாகப் படுத்தது.

கயிறு கட்டினார்கள். மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்தார்கள். தொடக்க விழாவுக்கு இயக்குநர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, முதல் இழுப்பை அவரே இழுத்தார். கைதட்டினோம். மறுநாள் கடைசல் பிரிவில் ஒரு பையன் இழுத்தான். துளையின் அளவு கொஞ்சம் தப்பியிருந்தது, அவன் கண்டுபிடித்தது சரிதான். மாலையில் உற்பத்தி மேலாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். யார் இழுத்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எத்தனை உருப்படி நட்டம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். தண்டனை எதுவும் கிடையாது. வெறும் கையெழுத்துதான்.

அதன் பிறகு யாரும் இழுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தக் கயிற்றில் சாப்பாட்டுப் பைகள் தொங்கின. நாய், பூனை ஏறாமல் இருக்க நல்ல உயரம்.

‘ஐந்து முறை ஏன்’ என்பதும் அப்படியே. டொயோட்டா உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ சொன்ன கணக்கு இது. இயந்திரம் நின்றது ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை கூடியது ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிற்று. கடைசியில் போய் நிற்பது ஒரு வடிகட்டியில். ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வாரம் மறுபடி நின்றிருக்கும்.

எங்களுக்கு இது ஐந்து கட்டம் போட்ட படிவமாக வந்தது. முதலில் ஐந்தாவது கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் மேலே நாலு கட்டத்தை அதற்குத் தக்கபடி நிரப்புவார்கள். ஒரு வருடப் படிவங்களை நானே அடுக்கிக் கட்டி வைத்தேன். ஒன்றில்கூட வடிகட்டி வரவில்லை.

#6 – சிறுதொழில்

கோவையில் எட்டு இயந்திரம் வைத்துப் பாகம் கடைந்து கொடுக்கிறேன். மேலே எழுதிய எல்லோரும் ஆலைக்குள் நின்று பேசுகிறீர்கள். வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பவன் கதையும் கேளுங்கள்.

‘கிடங்கில் சரக்கு இருப்பது வீண்’ என்று பாடம் எடுத்தார்கள். எனக்கு வேலை கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனம், பெயர் சொன்னால் அடுத்த ஆர்டர் வராது, தன் கிடங்கைக் காலி செய்துவிட்டது. பத்திரிகையில் படம் வந்தது. அந்தச் சரக்கு ஆவியாகிவிடவில்லை ஐயா. என்னைப் போல நாற்பது பேர் அந்த ஆலையிலிருந்து நாலு கிலோமீட்டரில் வாடகைக்கு ஷெட் பிடித்து அடுக்கி வைத்திருக்கிறோம். வாடகை என்னுடையது, வட்டி என்னுடையது, துருப்பிடித்தால் அதுவும் என்னுடையது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டெம்போ போக வேண்டும். தாமதமானால் நிமிடக் கணக்கில் அபராதம். சீக்கிரம் போனாலும் உள்ளே விடமாட்டார்கள், டெம்போ சாலையோரம் நிற்கும். சாலையே அவர்களுடைய கிடங்கு.

பணம் மட்டும் தொண்ணூறு நாள் கழித்து வரும். வேண்டியபோது வேண்டிய அளவு என்பது பணத்துக்குக் கிடையாதா?

#7 – நகோயாவாசி

சிறுதொழில் ஐயா சொல்வது இங்கேயும் ஓரளவு பொருந்தும். மூல வடிவம் அதுவல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

கன்பன் என்பது அடுத்த கட்டத்தில் வேலை செய்பவன் முந்தைய கட்டத்தில் இருப்பவனிடம் ‘எடுத்துக்கொண்டேன், இத்தனை செய்து வை’ என்று அனுப்பும் அட்டை. ஓனோ இதற்குச் சொன்ன உதாரணம் அமெரிக்கப் பல்பொருள் அங்காடி. வாடிக்கையாளர் எடுத்த இடத்தை மட்டும் நிரப்பினால் போதும். அவர் அமெரிக்காவுக்கே 1956இல்தான் போனார். அதற்குப் பல வருடம் முன்பே, கேள்வி ஞானத்தில், தன் பட்டறையில் இதைத் தொடங்கியிருந்தார். அவர் பட்டியலிட்ட ஏழு வீண்களில் மிக மோசமானது தேவைக்கு மேல் செய்வது. ஏனென்றால் மற்ற எல்லாக் குறையையும் அந்தக் குவியல் மறைத்துவிடும். சரக்கை அடுத்தவன் ஷெட்டுக்குத் தள்ளுவதால் ஒரு குறையும் வெளியே வராது.

இதன் ஆபத்தும் இங்கேயே தெரிந்துவிட்டது. 1997 பிப்ரவரி 1 அதிகாலையில் கரியா ஊரில் ஐசின் ஆலை எரிந்தது. பின்சக்கர பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு வால்வு, டொயோட்டாவுக்குத் தேவையானதில் ஏறத்தாழ முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் உருவாகியது. கையிருப்பு சில மணி நேரத்துக்கு மட்டும். ஜப்பான் முழுக்க டொயோட்டா ஆலைகள் நின்றன. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், வால்வு என்றால் என்னவென்றே அறியாதவை உட்பட, வரைபடத்தை வாங்கிக் கிடைத்த இயந்திரத்தில் கடையத் தொடங்கின. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் நிறுவனமும் செய்தது. விலை என்ன, ஒப்பந்தம் எங்கே என்று முதலில் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் ஆலைகள் திரும்ப ஓடின.

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு இன்னொரு பாடம் படித்தார்கள். மின்னணுச் சில்லு போன்ற, கிடைக்க நாளாகும் பொருட்களை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குக் கையிருப்பு வைக்கச் சொன்னார்கள். 2021இல் உலகமெல்லாம் சில்லுக்கு அல்லாடத் தொடங்கியபோது டொயோட்டா மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் அடிபட்டது. ‘கையிருப்பே கூடாது’ என்பது வேதம் அல்ல.

கடைசியாக ஒரு தமாஷ். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் இருக்கும் 14 டொயோட்டா ஆலைகளும் நின்றன. தீ இல்லை, பூகம்பம் இல்லை. பாகங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சர்வர்களில் சேமிப்பு இடம் தீர்ந்துவிட்டது. கிடங்கில் ஓர் அங்குலம் வீணாக்காதவர்கள், கணினியில் இடம் போதாமல் நின்றார்கள்.

#8 – மூன்றாம் ஷிப்ட்

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நானே சொல்கிறேன்.

நான் வரிசையில் நின்றவன். ஒரகடம் பக்கம் ஆறு வருடம். எந்த ஆலை என்பது வேண்டாம். அறுபது நொடிக்கு ஒரு வண்டி. முதலில் என் வேலையில் நாற்பத்தைந்து நொடி கைவேலை, மீதி பின்னால் இருக்கும் பெட்டியிலிருந்து பாகம் எடுத்துவர நடை. ஒரு நாள் மூன்று பேர் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்தார்கள். நடை வீண் என்றார்கள். பெட்டியைக் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மிச்சமான நொடிகளில் இன்னும் இரண்டு திருகு சேர்த்தார்கள். அந்த நடைதான் எங்களுக்கு ஓய்வு என்பது அவர்கள் தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இது ஜப்பானைச் சரியாகக் காப்பி அடிக்காததால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். 1972இல் கமதா சதோஷி என்ற பத்திரிகையாளர் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து சில மாதம் வேலை பார்த்துவிட்டு எழுதினார். வரிசையின் வேகம், உடம்பு வலி, கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனது எல்லாம் அதில் இருக்கிறது. குறடு பார்த்து வந்த அதே சுட்சுமி ஆலையில், தரம் பார்க்கும் பணியில் இருந்த 30 வயதுக்காரர் 2002 பிப்ரவரியில் வேலை நேரத்திலேயே விழுந்து இறந்தார். கடைசி மாதத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை. 2007இல் நகோயா நீதிமன்றம் அது அதிக வேலையால் வந்த சாவு என்று தீர்ப்புச் சொன்னது. அதில் முக்கியமானது என்ன தெரியுமா? ‘தாமாக முன்வந்து’ செய்யும் தர வட்டக் கூட்டங்களும் வேலைநேரம்தான் என்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இப்படிக் கூடிப் பேசி வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்துவதைக் கைசென், கைசென் என்கிறீர்களே, அது யாருடைய மாலை நேரத்தில் நடந்தது?

கயிறு நல்ல கயிறுதான். குறை கண்டால் இழுக்கலாம். களைப்பாக இருக்கிறது என்று இழுக்க முடியுமா?

#9 – நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. தற்போதைய முதலாளிகளின் பெயர்களைக் குறிப்பிட்ட இரண்டு மறுமொழிகளை நீக்கியிருக்கிறேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

#10 – குறடு

மூன்றாம் ஷிப்ட் கேட்டது நியாயம். நான் கேட்கவில்லை. மேலே நடைபாதையில் நின்று பார்க்கிறவனுக்குத் தலையும் தோளும்தான் தெரியும். யாருக்கு எந்த வகை நியமனம் என்பது தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது வழிகாட்டிப் பெண்ணிடம் பருவகாலத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டேன். புன்னகைத்து, ‘தேவைக்கேற்ப மாறும்’ என்றார். அதற்கு மேல் கேட்க என் ஜப்பானிய மொழி போதாது, என் துணிச்சலும் போதவில்லை.

அங்கே அச்சம் இல்லாமல் போனதற்குப் பின்னாலும் ஒரு கசப்பான கதை இருக்கிறது. 1950இல் டொயோட்டா திவாலாகும் நிலையில் இருந்தது. பெரிய வேலைநிறுத்தம். 1,600க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், அந்தப் பொறுப்பை ஏற்றுக் கீச்சிரோவும் பதவி விலகினார். கொரியப் போர் தந்த டிரக் ஆர்டர்கள்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. அதன் பிறகு நிரந்தரத் தொழிலாளர்களை வெளியே அனுப்புவதில்லை என்ற எழுதாத உடன்பாட்டின் மேல்தான் இந்த முறையே வளர்ந்தது. இழுத்தால் வேலை போகாது என்று தெரிந்தவன்தான் கயிற்றை இழுப்பான். அப்படிப் பார்த்தால் உங்கள் முதல் மறுமொழியின் ஒற்றை வரிக் கேள்வியே என் நீண்ட பதிவுக்கான பதிலாகவும் ஆகிவிடுகிறது.

ஜப்பானிய ரத்தத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத ஆலை என்று கெட்ட பெயர். 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக அதைத் திறந்தார்கள். பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். ஆட்குறைப்பு கடைசி வழியாகத்தான் இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள், கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். சில வருடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றானது. 2010இல் மூடி, இப்போது டெஸ்லாவிடம் இருக்கிறது. மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பட்ட பாடு தனிக்கதை.

#11 – சிறுதொழில்

நான் ஒன்று சேர்க்கிறேன். 2023 டிசம்பரில் டைஹட்சு மாட்டியதே, டொயோட்டாவின் முழுச் சொந்தமான கிளை நிறுவனம். பாதுகாப்புச் சோதனைகளில் 174 முறைகேடு, 64 மாடல்கள், மிகப் பழையது 1989ஆம் ஆண்டு. விசாரணைக் குழு சொன்ன காரணம், உருவாக்கத்துக்குக் கொடுத்த கால அட்டவணை அசைய முடியாதபடி இறுக்கமாக இருந்தது, ‘முடியாது’ என்று மேலே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதாவது ரப்பர்ப் பட்டை சரியாக உட்காரவில்லை என்றால் இழுக்கக் கயிறு உண்டு. கெடு தேதி சரியில்லை என்றால் இழுக்கக் கயிறு இல்லை. எனக்கும் அதே நிலைமைதான். கேட்டில் நிற்கும் என் டெம்போவுக்கு எந்தக் கயிறு?

#12 – பாடி மேஸ்திரி

நன்றாகச் சொன்னீர்கள். ஆலைத் தரையில் தொங்கிய கயிறு அலுவலக மாடிப்படி ஏறியதை நானும் பார்த்ததில்லை.

#13 – புதுவரவு

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. அக்டோபரில் அக்கா வீட்டுக்கு ஒசாகா போகிறேன். தனி ஆள் ஆலையைப் பார்க்க முடியுமா? பணம் கட்ட வேண்டுமா?

#14 – நகோயாவாசி

முடியும் தங்கச்சி. கட்டணம் இல்லை, முன்பதிவு வேண்டும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், எந்த ஆலை என்பதும் அவ்வப்போது மாறும், ஆகவே போவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐச்சி வட்டப்பாதை ரயிலில் மிகவா-டொயோட்டா நிலையத்தில் இறங்கினால் கைக்கான் அரங்கு இருபது நிமிட நடை. இடம் கிடைக்காவிட்டால் சாகோ அருங்காட்சியகத்துக்காவது போங்கள். தறிகள் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு வரி இங்கே எழுதுங்கள், தறிக்காரன் அண்ணா காத்திருப்பார்.

#15 – குறடு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மேஸ்திரி ஐயாவின் நோட்டுப் புத்தகக் கதை என்னைத் தூங்க விடவில்லை.

என் பிரிவில் பதினாறு பேர். பம்ப் உறைகளைச் சேர்த்து முடுக்கும் வேலை. மேலிடத்தில் அனுமதி கேட்டால் குத்துவிளக்கு ஏற்ற வருவார்கள் என்று பயந்து, நானே ஒரு நைலான் கயிறு கட்டினேன். பதினாறு பேரையும் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னேன். யார் இழுத்தார்கள் என்று எழுதப்போவதில்லை. இழுத்தால் நான் வருவேன்.

மூன்று நாள் யாரும் இழுக்கவில்லை. நான்காம் நாள் பதினொரு மணிக்கு, மேசைக் கடைசியில் இருக்கும் அம்மா இழுத்தார்கள், இழுத்த கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நான் ஓட எழுந்தேன். அந்தக் குழுத்தலைவர் நினைவு வந்து நடந்து போனேன்.

வாஷர்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வருகின்றன, ஒன்று என்று நினைத்து இரண்டைப் போட்டுவிடுகிறேன் என்றார்கள். எத்தனை நாளாக? ‘மழைக்காலம் தொடங்கியதிலிருந்து.’ ஏன் ஒட்டுகிறது? எண்ணெய்ப் பூச்சு கெட்டியாகியிருக்கிறது. ஏன்? பெட்டி திறந்தே கிடக்கிறது. ஏன்? மூடி இல்லை. மூடி எங்கே? வாஷர் பெட்டிகளின் மூடிகளை எல்லாம் தேநீர் டம்ளர் வைக்கும் தட்டாக அலுவலக அறையில் பயன்படுத்துகிறோம். என் மேசையிலேயே இரண்டு இருந்தன.

மறுநாள் ஆறு முறை மணி அடித்தது. களைப்புக்கு இழுக்கலாமா என்று மூன்றாம் ஷிப்ட் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஒருவர் கைவலி என்று இழுத்தார், இடம் மாற்றிக் கொடுத்தேன், அன்று எண்ணிக்கை பதினொன்று குறைந்தது. மாலைக் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

#16 – மூன்றாம் ஷிப்ட்

பார்த்தீர்களா, உங்களுக்கும் கயிறு இல்லை.

#17 – தறிக்காரன்

மணி என்கிறீர்களே, பாட்டு வைக்கவில்லையா?

#18 – குறடு

சைக்கிள் மணிதான். என் மகளுடையது. இழுத்தால் ஒரே ஒரு முறை அடிக்கும். பழுதான கம்ப்ரசர் ஓடும்போது கேட்காது. கம்ப்ரசரைச் சரி செய்ய எழுதிப் போட்டிருக்கிறேன்.